ஆறு பத்து வண்டி

முகம் தெரியாத ஒரு பெண்ணுக்கு, "கண்டிப்பா வரும், தைரியமா வாங்க" என்று எழுதினேன். ஒரு டவுன் பஸ்ஸைப் பற்றி. அந்த பஸ்ஸை ஓட்டுகிறவள் நானில்லை. அதை அனுப்புகிற டெப்போவில் என் பேச்சு ஒரு பைசாவுக்குச் செல்லாது. ஆனாலும் எழுதினேன். எங்கள் பக்கத்து பஸ் நேரத்தை இணையத்தில் போடுவது நான் ஒருத்திதான் என்ற திமிர் அப்போது எனக்குத் தலைக்கு மேல் ஏறியிருந்தது. அந்தப் பெண்ணுக்கு அது கடைசிப் பரீட்சை. ஒரு வருஷம் போனால் வயசு தாண்டிவிடும்.

அந்தத் திமிர் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

திண்டிவனத்திலிருந்து தினமும் சென்னைக்கு ரயிலில் போய், ஒரு கம்பெனிக்குக் கட்டுரை எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தவள் நான். அந்த வேலை போனதும், இனி எவனுக்கும் எழுதுவதில்லை, எனக்கே எழுதிக்கொள்கிறேன் என்று ஒரு வலைத்தளம் ஆரம்பித்தேன். முதலில் சமையல். ரசம் எழுதினேன், காரக் குழம்பு எழுதினேன், நாலு மாதம் எழுதினேன். விழுப்புரத்தில் வேலை பார்க்கும் என் வீட்டுக்காரர் தினமும் ரயிலில் உட்கார்ந்து அதைத் திறந்து பார்ப்பார். அவரைத் தவிர வேறு யாரும் பார்க்கவில்லை. "நீ வைக்கிற ரசத்த நானே வேற வழியில்லாம குடிக்கிறேன், ஊர்ல இருக்கறவன் எதுக்குத் தேடிப் படிக்கப்போறான்?" என்றார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னதில் தப்பில்லை. ரசத்துக்கு எனக்கு முன்னால் ஆயிரம் பேர் வரிசையில் நின்றார்கள்.

அடுத்து மொபைல் விமர்சனம். கடைக் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்த போனுக்கெல்லாம் விமர்சனம் எழுதினேன். அதை நினைத்தால் இப்போதும் கூச்சமாக இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் எங்கேயோ ஒரு வீடியோவில் கேட்டேன், போட்டி இல்லாத இடத்தைப் பிடி, சின்ன இடமாக இருந்தாலும் பரவாயில்லை என்று. எந்தத் தலைப்புக்கு எத்தனை போட்டி என்று காட்டும் ஒரு கருவியும் கிடைத்தது. வார்த்தையைப் போட்டால் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று காட்டும். பச்சை என்றால் ஆளே இல்லை. நாள் முழுக்க அதிலேயே கிடந்தேன். கேப்பைக் கூழ், சிவப்பு. கொலு பொம்மை, சிவப்பு. மல்லாட்டைச் சட்னி என்று போட்டேன், பச்சைப் பசேல் என்று வந்தது! துள்ளிக் குதித்து மல்லாட்டையில் மட்டும் பதினெட்டு சமையல் குறிப்பு எழுதினேன். ரெண்டு வாரம் கழித்துத்தான் உறைத்தது. எங்கள் பக்கத்தைத் தாண்டினால் அதை வேர்க்கடலை என்கிறார்கள். மல்லாட்டை என்று எழுத ஆளில்லாத மாதிரியே தேடவும் ஆளில்லை. வீட்டுக்காரரிடம் இதை ஒரு மாதம் வரைக்கும் சொல்லவில்லை.

சரியான இடம் வளவனூரில் கிடைத்தது. சொந்தத்தில் ஒரு காரியத்துக்குப் போய்விட்டுத் திரும்பும்போது, உள்கிராமத்து டவுன் பஸ்ஸுக்காக ஒன்றரை மணி நேரம் நின்றேன். கேட்ட ஆளெல்லாம், "இப்ப வந்துடும்மா" என்றார்கள். கரும்பு ஏற்றின டிராக்டர் வந்தது, மினி லாரி வந்தது, பஸ் மட்டும் வரவில்லை. ஆத்திரத்தில் போனை எடுத்துத் தேடினேன். சென்னைக்கு எத்தனை பஸ், பெங்களூருக்கு எத்தனை பஸ் என்று கொட்டியது. இந்த ஊருக்கு ஒரு வரி இல்லை. பக்கத்து ஊரைப் போட்டேன், அதற்கும் இல்லை. கால் வலி, பசி எல்லாம் போய், அங்கேயே நின்றுகொண்டு ஒவ்வொரு ஊராகப் போட்டுப் பார்த்தேன். எல்லாம் பச்சை. அட, இத்தனை ஊர் சும்மா கிடக்கிறதே என்று கை பரபரத்தது.

மறுநாளே நோட்டும் பேனாவுமாக விழுப்புரம் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். பஸ் நேரம் குறித்து அனுப்பும் டைம் கீப்பர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "எந்த ஆபீஸ்லருந்து வர்றம்மா?"

"ஆபீஸ் இல்ல சார். வெப்சைட்டு."

"கம்ப்ளைன்ட் எழுதற வெப்சைட்டா?"

"இல்ல சார், டைமு எழுதற வெப்சைட்டு."

அவர் சிரித்தார். "எழுதிக்கோ. ஆனா இது எழுத்துல நிக்காதும்மா. நாளு கெழமைக்கு மாறிக்கினே இருக்கும்."

நீங்கள் எழுதி ஒட்டாததால்தான் சனம் ரோட்டில் நிற்கிறது என்று வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டேன். ஒரு வாரம் கழித்து அவரே எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார். விழுப்புரம், திண்டிவனம் ரெண்டு பஸ் ஸ்டாண்டிலும் டிரைவர், கண்டக்டர்கள் என்னை "டைம் மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு ஸ்டாப்பிங் ஸ்டாப்பிங்காகப் போய் நின்று சரிபார்த்தேன். ஒரு ஊருக்கு ஒரு பக்கம் என்று மூன்று மாதத்தில் நூற்றைம்பது ஊருக்கு மேல் எழுதிவிட்டேன்.

ஆட்கள் வந்தார்கள். சும்மா சொல்லக்கூடாது, வந்து குவிந்தார்கள். காலேஜ் பிள்ளைகள், ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள், மல்லாட்டை மூட்டையை விற்க மார்க்கெட் கமிட்டிக்குப் போகிறவர்கள். ஒவ்வொரு ஊர்ப் பக்கத்துக்கும் கீழே, "நன்றி அக்கா", "எங்க ஊரையும் போடுங்க அக்கா" என்று எழுதுவார்கள். எல்லோருக்கும் பதில் போடுவேன். போட்டி இல்லாத இடம், கேட்க ஆளில்லை, நான் சொன்னதுதான் நேரம். என் வீட்டுக்காரரே அவருடைய ஆபீசில், "எங்க வீட்டம்மா சொன்னாத்தான் பஸ்ஸே கிளம்பும்" என்று பீற்றிக்கொண்டார். கேட்க எனக்குக் குளிர்ந்துதான் போனது.

அந்த வியாழக்கிழமைதான் அவள் எழுதினாள். கிளியனூரிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு சின்ன ஊரின் பக்கத்தில். "அக்கா, ஞாயித்துக்கிழமை எனக்கு கவர்மென்ட் எக்ஸாம். விழுப்புரம் சென்டர். எட்டரைக்கு கேட்டு மூடிடுவாங்க. இதான் எனக்குக் கடைசி வாட்டி, அடுத்த வருஷம் வயசு தாண்டிடும். காலைல ஆறு பத்து வண்டி கண்டிப்பா வருமா? சந்தேகம்னா சனிக்கிழமையே போய் விழுப்புரத்துல சொந்தக்காரங்க வீட்ல தங்கிக்குவேன். நாலு மாசக் கைக்குழந்தை, தூக்கிக்கினு போவணும், அதான் கேக்கறேன்."

என் அட்டவணையைப் பார்த்தேன். ஆறு பத்து, ஞாயிறு உண்டு. நானே ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்று சரிபார்த்த வண்டி. ஆறு ஐம்பதுக்குத் திண்டிவனம், அங்கிருந்து மாறினால் எட்டு மணிக்குள் விழுப்புரம். குழந்தையை எதற்கு அலைக்கழிக்க வேண்டும்? "கண்டிப்பா வரும், தைரியமா வாங்க" என்று எழுதி, ஒரு கட்டைவிரல் படமும் போட்டேன். அவள் கையெடுத்துக் கும்பிடுகிற படம் போட்டாள்.

அந்த வாரம் முழுக்க எங்கள் வீட்டில் என்ன பேச்சு தெரியுமா? ஆடி அமாவாசை. சனிக்கிழமை நான்தான் வீடு கழுவினேன், வாழைக்காய் வாங்கி வைத்தேன். மலையனூருக்குப் போக வேண்டும், கூட்டம் சேருவதற்கு முன்னால் காலையிலேயே போய் அம்மனைப் பார்த்துவிட்டு வந்துவிட வேண்டும் என்று என் மாமியார் நாலு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். சரி அத்தை, பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று நானும் நாலு நாளாகத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். இந்தப் பக்கத்தில் பிறந்து வளர்ந்த எந்த முட்டாளுக்கும் தெரியும், அமாவாசை என்றால் டவுன் பஸ்ஸில் பாதி மலையனூர் ஸ்பெஷலாகப் போய்விடும் என்று. எனக்கும் தெரியும். சமையலறையில் இருக்கும்போது தெரியும். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் எனக்கு ஞாயிறு என்பது வெறும் ஞாயிறு.

ஞாயிறு காலை ஆறு இருபதுக்கு மாமியாரைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் இறக்கினேன். ஒரே சனம், எலுமிச்சைப்பழ மாலையும் பையுமாக. வரிசையாக நின்ற ஸ்பெஷல் வண்டிகளில் ஒன்றின் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "டைம் மேடம், பெரியம்மாவ இதுல ஏத்துங்க, சீட்டு இருக்குது" என்றார். நானும் சிரித்துக்கொண்டே போனேன். பக்கத்தில் போனதும் சிரிப்பு நின்றுவிட்டது. அது வழக்கமாகக் கிளியனூர்ப் பக்கம் போகிற வண்டி. அவர் அந்த ஆறு பத்து வண்டியின் டிரைவர்.

"அண்ணா, நீங்க எப்படி இங்க? ஆறு பத்து ட்ரிப்பு?"

"அத கட் பண்ணிட்டாங்க மேடம். ஆடி அமாவாசை இல்ல? இன்னிக்கு ஃபுல்லா மலையனூர்தான். அடுத்தது எட்டே காலுக்கு ஒரு வண்டி போவும்."

ஆறு இருபது ஆகிவிட்டது. அவள் ஸ்டாப்பிங்கில் நிற்கிறாள். வண்டி எப்போதும் பத்து நிமிஷம் தாமதமாகத்தான் வரும் என்று நினைத்துக்கொண்டு நிற்பாள்.

அடுத்து நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். சொல்லக் கூசுகிறது. ஸ்கூட்டரை எடுக்கவில்லை. போனை எடுத்தேன். அவள் எழுதிய இடத்துக்குக் கீழே, "இன்று வண்டி இல்லை, வேறு ஏற்பாடு செய்யவும்" என்று போட்டேன். பிறகு பக்கத்தின் தலைப்பில், ஆடி அமாவாசையை முன்னிட்டு மாற்றம் என்று சிவப்பு எழுத்தில் சேர்த்தேன். முன்னிட்டு என்பதா, காரணமாக என்பதா என்று யோசிக்கக்கூடச் செய்தேன். மற்றவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள், தளத்தின் பெயர் கெட்டுவிடுமே என்று அந்தப் பக்கத்திலுள்ள இன்னும் ஆறு ஊர்களுக்கும் சேர்த்தேன். அவளிடமிருந்து பதில் வருகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். வரவில்லை. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்ட மாமியார் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னடி, பேயறஞ்ச மாதிரி நிக்கற?"

சொன்னேன். ரெண்டே வரியில் சொன்னேன்.

"அடிப்பாவி! காலண்டர் பாக்கத் தெரியாதவ எதுக்குடி டைமு எழுதிக்கினு இருக்க? இன்னும் போன நோண்டிக்கினு நிக்கறியே, ஜல்தி போடி!"

மணி பார்த்தேன். ஆறு முப்பத்தைந்து. பதினைந்து நிமிஷத்தை நான் எழுதியே தின்றிருந்தேன்.

பாண்டி ரோட்டில் அப்படி ஒரு நாளும் ஓட்டியதில்லை. என் ஸ்கூட்டர் பழசு, ஐம்பதைத் தாண்டினால் கைப்பிடி நடுங்கும். கடலில் தர்ப்பணம் கொடுக்கப் போகிற கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே என்னை ஒதுக்கின. யாராவது பைக்கில் கூட்டிப் போயிருப்பார்கள், ஆட்டோ பிடித்திருப்பாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டே போனேன். கிளியனூரில் திரும்பி உள்ளே போனால் ரோடு முழுக்க ஜல்லி. அந்த ஊர் ஸ்டாப்பிங்கை அடையும்போது ஏழு பத்து.

நின்றுகொண்டிருந்தாள். பச்சைச் சேலை, கையில் ஒரு பிளாஸ்டிக் கவர், அதற்குள் ஹால் டிக்கெட்டும் ரெண்டு பேனாவும். ஊரில் வண்டி வைத்திருப்பவர்களில் பாதிப் பேர் மலையனூருக்கும் மீதிப் பேர் கடலுக்கும் போயிருந்தார்கள். அவள் வீட்டுக்காரருக்குத் திருப்பூரில் வேலை. குழந்தையை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு, ஒரு மணி நேரமாக ரோட்டையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். போனில் டேட்டா தீர்ந்துபோயிருந்தது. இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"எக்ஸாமுக்குப் போறவங்க நீங்கதானே? ஏறுங்க," என்றேன்.

ஒரு கணம் என்னைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் ஏறி உட்கார்ந்தாள்.

திண்டிவனம் போய்ச் சுற்றினால் ஆகாது என்று குறுக்கே மயிலம் பக்கம் விட்டேன். வழியெல்லாம் கிராமத்து ரோடு, வேகத்தடை, ஆட்டு மந்தை. ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவள் என் தோளை அழுத்திப் பிடித்தாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. நான்தான் அது, நான்தான் எழுதினேன், மன்னித்துக்கொள்ளம்மா. மயிலம் தாண்டியதும் சொல்லலாம். ஹைவே ஏறியதும் சொல்லலாம். கூட்டேரிப்பட்டில் ஹைவே ஏறினோம், நான் சொல்லவில்லை. பயம். அவள் கேட்டிருந்தாலாவது சொல்லியிருப்பேன். யார் நீ, எதற்கு வந்தாய், எங்கிருந்து வருகிறாய் என்று ஒரு கேள்விகூட அவள் கேட்கவில்லை. "மணி என்னக்கா?" என்பதை மட்டும் கேட்டுக்கொண்டே வந்தாள். ஏழு ஐம்பது என்றேன். விக்கிரவாண்டியில் எட்டு ஐந்து என்றேன்.

"எக்ஸாம் ஹாலு எங்கன்னு தெரியுமா?" என்று நான்தான் கேட்டேன்.

"போன வாரமே வந்து பாத்துட்டுப் போனேன்க்கா. பஸ் ஸ்டாண்டத் தாண்டிப் போவணும்."

போன வாரமே வந்து பார்த்திருக்கிறாள். அவ்வளவு ஜாக்கிரதையான பெண். எல்லாவற்றையும் சரிபார்த்திருக்கிறாள், என்னிடம் கேட்டது உட்பட.

விழுப்புரத்துக்குள் நுழையும்போது எட்டு இருபத்தொன்று. நாலுமுனை ரோட்டில் சிக்னல் விழுந்தது. முன்னால் ஒரு வேன், வலது பக்கம் பஸ், இடது பக்கம் நுழைய வழியில்லை. பின்னால் அவள் மூச்சு விடுவது என் கழுத்தில் பட்டது. பரீட்சைப் பாடத்தைத்தான் முணுமுணுத்தாளோ சாமியைத்தான் கும்பிட்டாளோ, உதடு அசைவது கண்ணாடியில் தெரிந்தது. பச்சை விழுந்ததும் வேன் இன்ஜின் அணைந்துபோய், டிரைவர் அதைத் திரும்பக் கிளப்பினான். அவனை நான் திட்டிய வார்த்தையை இங்கே எழுத முடியாது.

பள்ளிக்கூடத்து கேட்டுக்கு வரும்போது எட்டு முப்பத்து நாலு. கேட் மூடியிருந்தது. நாங்கள் வருவதற்கு முன்பே ரெண்டு பேர் வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார்கள்.

அவள் கெஞ்சவில்லை. நான்தான் கம்பியைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். கைக்குழந்தைக்காரி சார், பஸ் வரல சார், நாலே நிமிஷம் சார். உள்ளே நின்ற காவலர் கடிகாரத்தைக் காட்டினார். "நான் என்னம்மா பண்றது? உங்கள உட்டா அவங்கள உடணும். ரூல்ஸும்மா." அவர் முகத்திலும் கஷ்டம் தெரிந்தது. அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. நாலு நிமிஷம். நான் போனில் பதினைந்து நிமிஷம் எழுதிக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் பார்த்தேன். அவள் ஸ்கூட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பால் கட்டி, ரவிக்கை நனைந்து, முந்தானையை இழுத்து முன்னால் மூடிக்கொண்டிருந்தாள். ஹால் டிக்கெட்டை எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு, மடங்காமல் திரும்பக் கவருக்குள் வைத்தாள். இனி எதற்கு அதை மடங்காமல் வைக்க வேண்டும்? இதற்கு மேலும் சொல்லாமலிருந்தால் நான் மனுஷியே இல்லை.

"இந்தாம்மா," என்றேன். "கண்டிப்பா வரும்னு எழுதினது நான்தான். அந்த வெப்சைட்டு என்னோடதுதான்."

"தெரியும்," என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"ஊருக்கே தெரியாதுக்கா, எனக்கு எக்ஸாமுன்னு. பாஸ் பண்ணிட்டுச் சொல்லலாம்னு யார்கிட்டயும் சொல்லல. உங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன்."

"அப்ப வழியெல்லாம் ஏம்மா ஒரு வார்த்த கேக்கல? அங்கியே என்ன செருப்பால அடிச்சிருக்கலாமே!"

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"கேட்டிருந்தா நீங்க அழுதுக்கினே ஓட்டியிருப்பீங்க," என்றாள். "அதுக்கு எனக்கு நேரம் இல்லக்கா."